நாளைக்கே வரும் என்று பணம் கட்டலாமா? ஐந்து வழிகளை எடைபோட்டுப் பார்ப்போம்

பெரும்பாலும் இரவில்தான் இந்தக் குழப்பம் வருகிறது. மறுநாள் மாலைக்குள் ஒரு பொருள் கையில் இருந்தாக வேண்டும். திரையில் இரண்டு தெரிவுகள் இருக்கின்றன: நான்கைந்து நாளில் வந்துசேரும் இலவச டெலிவரி, கூடுதல் கட்டணம் கட்டினால் நாளைக்கே வரும் டெலிவரி. "இந்தப் பணத்தைக் கட்டினால் உண்மையிலேயே வந்துவிடுமா?" என்று கேட்டு எழுதும் வாசகர்களில் சிலர் ஏற்கெனவே கட்டி ஏமாந்தவர்கள். வேறு சிலருக்கு இதுவரை ஒருமுறைகூடத் தவறியதில்லை. ஆனால் இந்தமுறை விஷயம் பெரிது என்பதால் கை தயங்குகிறது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் வந்துவிடும். அந்தப் "பெரும்பாலும்" உங்கள் தேவைக்குப் போதுமா என்பதைத்தான் நீங்கள் முடிவு செய்ய வேண்டும். நாளை வராவிட்டால் எல்லாம் கெட்டுவிடும் என்ற நிலையில் இருப்பவர் பார்சலை நம்பவே கூடாது. நாளை வராவிட்டாலும் பரவாயில்லை என்பவருக்குக் கட்டணம் வீண். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்களுக்குத்தான் அது நல்ல பேரம். அந்த நடுப்பகுதி பலர் நினைப்பதைவிடக் குறுகலானது.

## கட்டணம் கட்டிய பிறகு என்ன நடக்கிறது

இதைப் புரிந்துகொள்ளாமல் ஒப்பிட முடியாது, ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஓரிரவில் பார்சலைக் கொண்டுசேர்க்கும் இன்றைய முறையின் வடிவம் 1973 ஏப்ரல் 17 அன்று அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் தெளிவாகத் தெரிந்தது. ஃபெடரல் எக்ஸ்பிரஸ் நிறுவனம் அன்றிரவு 14 சிறு விமானங்களில் 186 பொதிகளை 25 நகரங்களுக்கு அனுப்பியது. எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போவதானாலும் எல்லாப் பொதிகளும் முதலில் ஒரே மையத்துக்கு வரும், நள்ளிரவில் பிரிக்கப்படும், விடிவதற்குள் அந்தந்த ஊருக்குக் கிளம்பும். வண்டிச் சக்கரத்தின் குடமும் ஆரங்களும் போன்ற அமைப்பு. இன்று சாலை வழியே நடக்கும் அடுத்த நாள் சேவைகளிலும் பெரும்பகுதி இதே தாளத்தில்தான் இயங்குகிறது. மாலையில் கிடங்கிலிருந்து லாரி கிளம்புகிறது, நள்ளிரவில் பிரிப்பு, அதிகாலையில் உங்கள் பகுதிக் கூரியர் நிலையம், காலையில் வேன்.

இந்த அமைப்புக்கு ஒரு குணம் உண்டு. இங்கே சிறிய தாமதம் சிறியதாகவே இருந்துவிடுவதில்லை. மாலை லாரியைப் பத்து நிமிடத்தில் தவறவிட்ட பொதி பத்து நிமிடம் தாமதமாக வருவதில்லை, அடுத்த மாலை லாரிக்காக ஒரு முழு நாள் காத்திருக்கிறது. நள்ளிரவில் பார்கோடு மடங்கியிருந்ததால் இயந்திரம் படிக்க முடியாமல் ஓரமாக ஒதுக்கிய பெட்டிக்கும் அதே கதிதான். இந்தச் சேவையில் தவறு நேர்ந்தால் பெரும்பாலும் ஒரு முழு நாள் தவறுகிறது. அதன் மறுநாள் விடுமுறையாக இருந்தால் இரண்டு நாள்.

சங்கிலியின் கண்ணிகளை எண்ணிப் பாருங்கள். கிடங்கில் பொருளை எடுத்துக் கட்டுவது, மாலை லாரியில் ஏற்றுவது, மையத்தில் பிரிப்பது, உள்ளூர் நிலையத்தில் சரியான வேனுக்கு மாற்றுவது, வாசலில் கொடுப்பது என்று ஐந்து. கணக்குக்காக, ஒவ்வொரு கண்ணியும் நூற்றுக்கு 98 முறை சரியாக நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்தும் சேர்ந்து சரியாக நடப்பது நூற்றுக்குச் சுமார் 90 முறை. யாரும் சோம்பேறி இல்லை, யாரும் ஏமாற்றவும் இல்லை, இருந்தும் பத்தில் ஒன்று தவறுகிறது. இது எந்த நிறுவனத்தின் உண்மை எண்ணும் இல்லை. கண்ணிகள் கூடக்கூட உறுதி எப்படித் தேய்கிறது என்று காட்டுவதற்கான கணக்கு மட்டுமே.

ஒரு முறை என் வீட்டிலும் இது நடந்தது. மடிக்கணினியின் சார்ஜர் ஒரு புதன்கிழமை மாலை உயிரை விட்டது. வெள்ளிக்கிழமை காலை மகளுக்கு இணையவழித் தேர்வு. கூடுதல் கட்டணம் கட்டி ஆர்டர் செய்தேன். வியாழன் காலை "உங்கள் ஆர்டர் அனுப்பப்பட்டது" என்று செய்தி வந்தது. நிம்மதியாக இருந்துவிட்டேன். உண்மையில் அப்போது விற்பனையாளர் முகவரி லேபிளை அச்சிட்டிருந்தார், அவ்வளவுதான். பெட்டி கூரியர்காரரின் கைக்குப் போனது வியாழன் மாலை. சனிக்கிழமை பிற்பகல் சார்ஜர் வந்தது. மகள் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய கணினியில் தேர்வு எழுதினாள். அந்த வியாழக்கிழமை பகல் முழுவதும் கடைகள் திறந்திருந்தன. நான் போய் வாங்கியிருக்கலாம். அந்தச் செய்தி என்னைப் போகவிடாமல் செய்தது. என்னை இன்றும் வருத்துவது தாமதத்தைக் காட்டிலும் இந்தக் கைநழுவிய பகல்தான்.

## எதை வைத்து ஒப்பிடுவது

ஐந்து வழிகளை எடுத்துக்கொள்கிறேன்: ஒவ்வொரு ஆர்டருக்கும் கட்டணம் கட்டும் அடுத்த நாள் டெலிவரி, ஆண்டு அல்லது மாதச் சந்தாவில் கிடைக்கும் விரைவு டெலிவரி, முன்கூட்டியே திட்டமிட்ட சாதாரண டெலிவரி, கடையிலோ லாக்கரிலோ நாமே எடுத்துக்கொள்வது, நேரில் போய் வாங்குவது. எடைபோட நான்கு அளவுகோல்கள்.

தவறினால் என்ன இழப்பு? பொருளின் விலையை நினைக்காதீர்கள். மலிவான ஒரு கேபிள் இல்லாததால் ஒரு நாள் வேலை நின்றுபோகலாம். விலையுயர்ந்த அலங்காரப் பொருள் ஒரு வாரம் தள்ளி வந்தாலும் ஒன்றும் ஆகாது.

தவறிவிட்டது என்பது எப்போது தெரியும்? எனக்கு மிக முக்கியமானது இதுதான். இதைக் கேட்டுக்கொள்பவர்கள் மிகக் குறைவு. "நாளை" என்றால் பெரும்பாலான சேவைகளில் நாளை இரவு வரை என்று பொருள். இரவு ஒன்பது மணிக்கு "இன்று கொடுக்க இயலவில்லை" என்று செய்தி வந்தால், மாற்று வழி தேடக் கடைகள் திறந்திருக்காது. தோல்வி காலையிலேயே தெரியும் வழி, தோல்வி இரவில் தெரியும் வழியைவிட எவ்வளவோ மேல்.

மறைந்திருக்கும் செலவு என்ன? வீட்டில் காத்திருக்கும் நேரம், குறைந்தபட்ச ஆர்டர் தொகையை எட்டச் சேர்க்கும் தேவையற்ற பொருள், சந்தா புதுப்பித்துக்கொள்வது எல்லாம் இதில் சேரும்.

தவறினால் என்ன திரும்பக் கிடைக்கும்? கிடைத்தாலும் தானாக வருமா, கேட்டால்தான் வருமா?

## 1. ஆர்டருக்கு ஆர்டர் கட்டும் அடுத்த நாள் கட்டணம்

இந்தக் கட்டணம் வாங்கித் தருவது முன்னுரிமையை. கிடங்கில் உங்கள் பெட்டி முன்வரிசைக்கு வருகிறது, கூரியர் நிலையத்திலும் அதற்கு முதல் கவனிப்புக் கிடைக்கிறது. இதற்கு மதிப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் விற்பனைப் பக்கத்தில் இருக்கும் சொற்களை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். "உறுதி" என்று எழுதியிருக்கிறதா, "எதிர்பார்க்கப்படும் தேதி" என்று எழுதியிருக்கிறதா? இரண்டாவதாக இருந்தால், நீங்கள் ஒரு மதிப்பீட்டுக்குப் பணம் கட்டுகிறீர்கள். "அடுத்த நாள்" என்பதா, "அடுத்த வேலை நாள்" என்பதா? வெள்ளி இரவு ஆர்டர் செய்பவருக்கு இந்த ஒரு சொல்லில் மூன்று நாள் ஒளிந்திருக்கலாம். "இன்ன மணிக்குள் ஆர்டர் செய்தால்" என்ற வரி இருக்கிறதா? அந்த நேரம் கடந்திருந்தால் "நாளை" என்பது நாளை மறுநாளாகிவிடும்.

இதைவிடப் பெரிய வேறுபாடு, பொருளை விற்பவர் யார், அது யாருடைய கிடங்கில் இருக்கிறது என்பதில் இருக்கிறது. பெரிய தளங்களில் தளத்தின் சொந்தக் கிடங்கிலிருந்து வரும் பொருளும், அங்கே கடை போட்டிருக்கும் வெளி விற்பனையாளர் தன் இடத்திலிருந்து அனுப்பும் பொருளும் ஒரே பக்கத்தில், ஒரே வடிவில் காட்டப்படுகின்றன. முதலாவதில் கிடங்கும் லாரி நேரமும் ஒரே கையில் இருக்கின்றன. இரண்டாவதில் எங்கோ ஒருவர் கடையை மூடும் முன் பெட்டி கட்டிக் கூரியர் முகவரிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். என் சார்ஜர் இரண்டாவது வகை. "விற்பவர்", "அனுப்புபவர்" என்ற இரண்டு சிறிய வரிகளையும் பார்க்காமல் நான் இப்போது அடுத்த நாள் கட்டணம் கட்டுவதில்லை. இருப்பில் இருக்கிறது என்று தெளிவாகச் சொல்லாத பொருளுக்கும் கட்டுவதில்லை, ஏனென்றால் விரைவுக் கட்டணம் பயண நேரத்தைத்தான் குறைக்கிறது. பொருள் கிடங்குக்கு வரும்வரை எடுக்கும் நேரத்தை அது தொடுவதில்லை.

பொருளின் தன்மையும் தடை போடலாம். லித்தியம் அயனி பேட்டரிகளைத் தனிச் சரக்காகப் பயணிகள் விமானத்தில் ஏற்றக் கூடாது என்று பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு விதித்த தடை 2016 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பவர் பேங்கும் விதிகளின்படி பேட்டரியாகவே கருதப்படுகிறது. வாசனைத் திரவியம், அழுத்தக் குப்பியில் வரும் ஸ்பிரே போன்றவை எளிதில் தீப்பற்றும் பொருட்கள் என்பதால் அவற்றுக்கும் விமானச் சரக்கில் கட்டுப்பாடுகள் உண்டு. தொலைதூர முகவரிக்கு இப்படிப்பட்ட பொருளை ஓரிரவில் எதிர்பார்க்காதீர்கள், அது சாலை வழியாகவே வர வாய்ப்பு அதிகம். இயந்திரப் பட்டையில் ஓடாத நீளமான, பருமனான பெட்டிகளும் கையால் பிரிக்கப்படுவதால் பின்தங்கலாம்.

ஒரே ஆர்டரில் பல பொருட்கள் வாங்குபவர்கள் இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றும் நேரத்துக்கு வர நூற்றுக்கு 95 வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், வெவ்வேறு கிடங்குகளிலிருந்து வரும் நான்கு பொருட்களும் சேர்ந்து நாளை வந்துவிட நூற்றுக்குச் சுமார் 81தான் வாய்ப்பு. நான்கும் இருந்தால்தான் வேலை நடக்கும் என்றால், இது துணிந்து இறங்கும் எண் ஆகாது.

தவறினால் கிடைப்பது பெரும்பாலும் டெலிவரிக் கட்டணம் மட்டுமே. நின்றுபோன வேலைக்கோ, தவறிய நிகழ்ச்சிக்கோ ஈடு தரமாட்டோம் என்று நிபந்தனைகளில் எழுதியிருப்பார்கள். பல இடங்களில் அந்தக் கட்டணமும் தானாக வருவதில்லை, கேட்டுத்தான் பெற வேண்டும். நெருக்கடி நேரத்தில் வாக்குறுதியே பின்வாங்கும் என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். 2020 மார்ச்சில் பெருந்தொற்று பரவியபோது, தாமதமானால் பணம் திரும்பத் தரும் உத்தரவாதத்தை ஃபெடெக்ஸ் (மேலே சொன்ன ஃபெடரல் எக்ஸ்பிரஸ்), யூபிஎஸ் என்ற கூரியர் நிறுவனங்கள் இரண்டுமே நிறுத்திவைத்தன. அன்றைய சூழலில் அது புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் எல்லோருக்கும் அவசரமாகத் தேவைப்படும் நாட்களில்தான் இந்தச் சேவை மிக அதிகமாகத் திணறும். பெருந்தள்ளுபடி நாட்கள், பண்டிகைக்கு முந்தைய வாரம், கனமழையோ பனியோ கொட்டும் நாட்கள் எல்லாம் இதில் அடங்கும்.

அப்படியானால் எப்போது கட்டலாம்? நான் இப்போது பின்பற்றும் வழி, அடுத்த நாள் சேவையை நாளை மறுநாள் தேவைக்குப் பயன்படுத்துவது. சனிக்கிழமை வேண்டியதற்கு வியாழன் காலை கட்டணம் கட்டி ஆர்டர் செய்கிறேன். வெள்ளி வந்துவிட்டால் நல்லது. வராவிட்டால் சனிக்கிழமை இன்னொரு முயற்சிக்கு இடம் இருக்கிறது. அதுவும் கைவிட்டுவிடுமோ என்று தோன்றினால், சனிக்கிழமை காலையிலேயே கடைக்குக் கிளம்பலாம். ஒரு நாள் இடைவெளி சேர்த்துவிட்டால் இதே சேவை நிஜமாகவே நம்பகமானதாக மாறிவிடுகிறது. வார இறுதியிலும் அவர்கள் கொடுக்கிறார்களா என்பதை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

## 2. சந்தா

அமேசான் பிரைம் 2005 பிப்ரவரியில் அமெரிக்காவில் தொடங்கியபோது வாக்களித்தது, ஆண்டுக் கட்டணத்துக்கு வரம்பில்லாத இரண்டு நாள் டெலிவரி. 2019இல் அங்கே ஒரு நாள் டெலிவரியை இயல்பாக்கப் போவதாக அறிவித்தார்கள். இன்று பல தளங்களில் இதே மாதிரியான சந்தாக்கள் இருக்கின்றன.

சந்தாவின் பலம், சொந்தக் கிடங்கும் சொந்த வேன்களும் வைத்திருக்கும் தளங்களில் சங்கிலியின் கண்ணிகள் குறைவு என்பது. உங்கள் வீட்டுக்கு அருகிலேயே ஒரு கிடங்கு இருந்தால், அடிக்கடி விற்பனையாகும் பொருட்கள் ஏற்கெனவே அங்கே காத்திருக்கும். தேசிய மையத்துக்குப் போய் வர வேண்டியதில்லை. சோப்பும் கேபிளும் சொன்னபடி வருவதும், அரிதான உதிரிபாகம் அதே சந்தாவில் நான்கு நாள் எடுப்பதும் இதனால்தான். சந்தா இருக்கிறது என்பதற்காக எல்லாப் பொருளும் நாளை வராது. ஒவ்வொரு பொருளின் பக்கத்திலும் காட்டப்படும் தேதிதான் பேசும்.

லாபமா என்று பார்க்க, பலர் ஆண்டில் போட்ட எல்லா ஆர்டர்களையும் எண்ணுகிறார்கள். அது தவறான கணக்கு. சென்ற ஆண்டு ஆர்டர்களைத் திறந்து, "இது நான்கு நாள் கழித்து வந்திருந்தால் எனக்கு என்ன ஆகியிருக்கும்?" என்று ஒவ்வொன்றையும் கேளுங்கள். ஒன்றும் ஆகியிருக்காது என்பவற்றை நீக்குங்கள். மிஞ்சியவற்றின் எண்ணிக்கையைத் தனிக் கட்டணத்தால் பெருக்கிச் சந்தாத் தொகையோடு ஒப்பிடுங்கள். நான் இப்படி எண்ணியபோது ஐம்பத்துச் சொச்ச ஆர்டர்களில் உண்மையான அவசரம் ஏழுதான். சாதாரண டெலிவரிக்கும் கட்டணம் வாங்கும் தளமாக இருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள், அப்போது படம் மாறலாம். சந்தாவில் வரும் திரைப்படம், இசை போன்றவற்றைச் சேர்ப்பதானால், அவற்றைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கியிருப்பீர்களா என்று நேர்மையாகக் கேட்டுக்கொண்ட பிறகு சேருங்கள்.

மறைந்த செலவு என்று நான் பார்ப்பது பழக்கத்தை. டெலிவரி இலவசம் என்ற உணர்வு வந்துவிட்டால் வேறு கடையில் விலை பார்ப்பது நின்றுபோகிறது, ஒன்றிரண்டாக வாங்கும் சிறு ஆர்டர்கள் பெருகுகின்றன. சந்தா தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் தேதியை நாட்காட்டியில் குறித்துவைக்காதவர்கள் தேவையற்ற ஓர் ஆண்டுக்கும் கட்டிவிடுகிறார்கள். கைக்குழந்தை இருக்கும் வீடு, நடமாட முடியாத முதியவர் இருக்கும் வீடு, கடைகள் தொலைவில் இருக்கும் இடம் என்றால் தயங்காமல் எடுக்கலாம். மற்றவர்கள், அவசரங்கள் குவியும் மாதத்தில் மட்டும் மாதச் சந்தா எடுத்து நிறுத்திவிட முடியுமா என்று பார்ப்பது நல்லது.

## 3. முன்கூட்டியே போடும் சாதாரண டெலிவரி

இதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தேதி முன்பே தெரிந்த எந்தத் தேவைக்கும் இதுதான் மலிவானது. சொன்ன தேதியைவிட முன்பே வந்துவிடுவதும் நடக்கிறது, ஏனென்றால் சாதாரண டெலிவரிக்குத் தேதி சொல்லும்போது விற்பனையாளர்கள் கொஞ்சம் இடம் விட்டே சொல்வார்கள். அடுத்த நாள் வாக்குறுதியில் விடுவதற்கு அந்த இடமே இல்லை.

கவனிக்க வேண்டியது, மிக முன்பே வாங்கினால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு பயன்படுத்தும் நாளுக்கு முன்பே முடிந்துவிடலாம். வந்த அன்றே பிரித்து, இயங்குகிறதா, அளவு சரியா என்று பாருங்கள். பரிசுப் பொருளானாலும் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு மறுபடி கட்டுவதில் தவறில்லை.

## 4. கடையிலோ லாக்கரிலோ எடுத்துக்கொள்வது

பலர் இதை வீட்டு டெலிவரியின் ஏழைத் தம்பிபோலப் பார்க்கிறார்கள். என் மதிப்பீட்டில், அவசரத் தேவைக்கு இணையத்தில் கிடைக்கும் வழிகளில் இதுவே முதலிடம். ஆனால் இதில் இரண்டு வகை உண்டு, அவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பொருள் ஏற்கெனவே அந்தக் கடையின் அலமாரியில் இருக்கிறது, நீங்கள் இணையத்தில் ஒதுக்கிவைக்கிறீர்கள் என்றால் லாரியும் இல்லை, மையமும் இல்லை. கடை ஊழியர் எடுத்துவைத்ததும் "தயார்" என்று செய்தி வரும். தோல்வியும் உடனே தெரிந்துவிடுகிறது. "இருப்பில் இல்லை" என்ற பதில் வந்தால் வேறு கடை பார்க்க ஒரு பகல் மீதமிருக்கும். கடையின் இருப்புக் கணக்கு சில நேரம் தவறாக இருக்கலாம், ஆகவே "தயார்" செய்தி வரும்முன் கிளம்ப வேண்டாம்.

இரண்டாவது வகையில் பொருள் மையக் கிடங்கிலிருந்து கடைக்கோ லாக்கருக்கோ வருகிறது. இங்கே லாரிச் சங்கிலி அப்படியே இருக்கிறது. கடைசிக் கண்ணி மட்டும் பலப்படுகிறது: "வீட்டில் ஆள் இல்லை", "முகவரி கண்டுபிடிக்க முடியவில்லை", "பக்கத்து வீட்டில் கொடுத்தோம்" என்பவை இல்லாமல் போகின்றன. பகலில் வீட்டில் ஆள் இல்லாதவர்களுக்கு, அடுக்குமாடிக் குடியிருப்பில் வாசல் கதவு பூட்டியிருப்பவர்களுக்கு, இது பெரிய ஆறுதல். லாக்கர் நிறைந்திருந்தால் வேறு இடத்துக்குத் திருப்பிவிடுவார்கள் என்பதும், குறிப்பிட்ட நாட்களுக்குள் எடுக்காவிட்டால் பொருள் திரும்பிப் போய்விடும் என்பதும் இதன் பலவீனங்கள். கனமான பெட்டி என்றால் தூக்கி வருவது உங்கள் பாடு.

## 5. நேரில் போய் வாங்குவது

விலை கூடுதலாக இருக்கலாம், தேர்வு குறைவாக இருக்கலாம், போய் வரும் நேரமும் செலவும் உண்டு. ஆனால் நாளை கட்டாயம் வேண்டும் என்ற ஒரே நிபந்தனைக்கு இதற்கு ஈடு வேறில்லை. கையில் எடுத்த நிமிடமே நிச்சயமின்மை தீர்ந்துவிடுகிறது. அளவு பார்த்து வாங்க வேண்டிய காலணி, துணி, குழாய் இணைப்புகள் போன்றவற்றுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நாளைக்கே வந்த தவறான அளவு, வராததற்குச் சமம்.

கூடுதல் விலையைப் பார்த்துத் தயங்குபவர்கள், இணைய விலையோடு அடுத்த நாள் கட்டணத்தையும் கூட்டி ஒப்பிடுங்கள். வித்தியாசம் பல நேரம் சுருங்கிவிடும். கிளம்பும்முன் கடைக்குத் தொலைபேசியில் கேட்டு, பெயர் சொல்லி ஒன்றை எடுத்துவைக்கச் சொல்வது அரை நாளை மிச்சப்படுத்தும்.

## பக்கத்தில் பக்கமாக

| வழி | நாளை கையில் இருக்குமா | தவறியது எப்போது தெரியும் | மறைந்த செலவு | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|
| அடுத்த நாள் கட்டணம் | பெரும்பாலும் | பல நேரம் நாளை இரவு | காத்திருக்கும் பகல், கேட்டுப் பெறவேண்டிய கட்டணம் | ஒரு நாள் தாமதத்தைத் தாங்கக்கூடியவர் |
| சந்தா | பொருளையும் இடத்தையும் பொறுத்து | பல நேரம் நாளை இரவு | தானாகப் புதுப்பித்தல், விலை ஒப்பிடாத பழக்கம் | உண்மையான அவசரங்கள் அடிக்கடி வரும் வீடு |
| சாதாரண டெலிவரி | இருக்காது | தேவைக்குச் சில நாள் முன்பே | திருப்பித் தரும் கெடு முடிதல் | தேதி முன்பே தெரிந்தவர் |
| கடை இருப்பிலிருந்து எடுப்பது | பெரும்பாலும் இன்றே | ஓரிரு மணி நேரத்தில் | பயணம் | அவசரக்காரர் |
| லாக்கர் | பெரும்பாலும் | நாளை மாலை அல்லது இரவு | பயணம், எடுக்கும் கெடு | பகலில் வீட்டில் ஆள் இல்லாதவர் |
| நேரில் வாங்குவது | கடையில் இருந்தால் உறுதி | உடனே | விலை, நேரம் | தவறினால் எல்லாம் கெடும் என்பவர் |

## வாசகர்கள் கேட்ட சில சூழல்கள்

*ஞாயிறு பயணம், பெட்டியின் சக்கரம் உடைந்துவிட்டது, இன்று வெள்ளி.* கடைக்குப் போங்கள். பயணம் தள்ளிப்போகாது, சனிக்கிழமை மாலைதான் விடை தெரியும் ஒரு வழியில் அதை வைக்க வேண்டாம்.

*அலுவலக அச்சு இயந்திரத்தின் மை தீரப்போகிறது.* தீரப்போகிறது என்பதற்கும் தீர்ந்துவிட்டது என்பதற்கும் நடுவில் சில நாட்கள் இருக்கின்றன. இன்றே சாதாரண டெலிவரியில் போடுங்கள். இரண்டாக வாங்கி வைத்தால் அடுத்த முறை இந்தக் கேள்வியே எழாது.

*வெளியூரில் இருக்கும் நண்பருக்கு நாளை பிறந்தநாள்.* இங்கே நீங்கள் நேரில் போக முடியாது, ஆகவே அடுத்த நாள் கட்டணம் நியாயமானது. ஒரு நாள் தள்ளி வந்தாலும் நட்பு கெடாது. ஆனால் பெறுபவரின் கதவு எண், மாடி, தொலைபேசி எண் மூன்றையும் சரிபார்த்துப் போடுங்கள். கடைசிக் கண்ணி அறுந்துபோவதில் முகவரிக் குறைபாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

*ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, சர்க்கரை அளக்கும் பட்டைகள், மருந்து.* இவற்றைப் பார்சலின் கையில் விடாதீர்கள் என்று உறுதியாகச் சொல்கிறேன். தீர்வதற்குப் பத்து நாள் முன் ஆர்டர் செய்வதானால் இணையம் சரி. நாளைக்கே தேவை என்றால் மருந்துக் கடைதான்.

## கட்டிவிட்டீர்கள் என்றால்

அனுப்பப்பட்டது என்ற செய்தியை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். டிராக்கிங் எண்ணைக் கூரியர் நிறுவனத்தின் பக்கத்திலேயே போட்டுப் பாருங்கள். "லேபிள் உருவாக்கப்பட்டது", "தகவல் பெறப்பட்டது" என்று மட்டும் இருந்தால் பெட்டி இன்னும் விற்பனையாளரிடம்தான் இருக்கிறது. முதல் உண்மையான ஸ்கேன், கூரியர் பெற்றுக்கொண்டதாகக் காட்டுவது. வரவேண்டிய நாளன்று காலை பத்து மணிக்குள் "டெலிவரிக்குப் புறப்பட்டது" என்று மாறவில்லை என்றால், நான் அன்று வராது என்றே எடுத்துக்கொண்டு மாற்று ஏற்பாட்டைத் தொடங்கிவிடுகிறேன். சில நாட்கள் அதன் பிறகும் வந்திருக்கிறது. அப்போது ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

ஆர்டர் செய்யும் நேரத்தில், வாக்களித்த தேதி தெரியும்படி திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தாமதம் ஏற்பட்ட பிறகு அந்தப் பக்கத்தில் தேதி மாறிவிடும். குறிப்பிட்ட நாளுக்குள் வந்தாக வேண்டும் என்பதை ஆர்டருக்கு முன்பே எழுத்தில் விற்பனையாளரிடம் சொல்லிவைப்பதும் பயன் தரும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமை நெறியாணைப்படி, ஒரு தேதிக்குள் கிடைப்பது இன்றியமையாதது என்று ஒப்பந்தத்துக்கு முன் நுகர்வோர் தெரிவித்திருந்து, பொருள் அன்று வராவிட்டால், அவர் உடனே ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். கூரியரை நுகர்வோரே ஏற்பாடு செய்யாதவரை, பொருள் அவர் கைக்கு வந்துசேரும்வரை இழப்பின் பொறுப்பு விற்பனையாளருடையது என்பதும் அதில் இருக்கிறது. உங்கள் இடத்தில் விதி வேறாக இருக்கலாம். ஆனாலும் "கூரியரிடம் கேளுங்கள்" என்று விற்பனையாளர் தள்ளிவிட்டால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். நீங்கள் பணம் கொடுத்தது அவரிடம், கூரியரை அமர்த்தியதும் அவர்தான்.

டெலிவரிக் கட்டணத்தைத் திருப்பிக் கேட்கும்போது நீளமாக எழுத வேண்டியதில்லை. ஆர்டர் எண், வாக்களித்த தேதி காட்டும் படம், வந்துசேர்ந்த தேதி, கட்டிய கூடுதல் தொகை, இவ்வளவு போதும். கடைசி வரியில் "கணக்குக்கே திருப்பி அனுப்பவும், புள்ளிகளாகவோ கூப்பனாகவோ வேண்டாம்" என்று சேருங்கள். என் சார்ஜருக்கு இந்த வரியை எழுத மறந்ததால் கூப்பன்தான் வந்தது. மறுபடி கேட்ட பிறகு ஆறாவது நாள் பணம் கணக்கில் ஏறியது.